சூப்பர் ஹீரோ தொடரின் ஒரு பருவத்துக்கு மதிப்புரை எழுதுவது எப்படி: ‘போபோய்போய்’ முதல் பருவத்தை முன்வைத்து

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊத்தான் மெலிந்தாங் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வளரும் பிள்ளைகள் தாங்கள் பார்த்த தொடரைப் பற்றி எழுதித் தரும்போது, பெரும்பாலும் இரண்டு வகைத் தாள்களே கைக்கு வருகின்றன. ஒரு வகையில் கதை முழுவதும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒப்பிக்கப்பட்டிருக்கும். மற்றொரு வகையில் ‘மிகவும் அருமை, அனைவரும் பார்க்க வேண்டும்’ என்பதற்கு மேல் ஒன்றும் இராது. இரண்டுமே மதிப்புரை ஆகா. ஒரு பருவம் எதைச் செய்ய முயன்றது, அதில் எதைச் செய்து முடித்தது, எந்த இடத்தில் கோட்டைவிட்டது என்பதைச் சான்றோடு சொல்வதுதான் மதிப்புரை. முறையைக் காட்டிக் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளையும் அதைச் செய்துவிடும். படிநிலை இரண்டு (தொடக்கப்பள்ளியின் நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரை) மாணவர்கள், இடைநிலைப்பள்ளியின் கீழ்ப்படிவ மாணவர்கள், அவர்களுக்கு உதவும் ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ‘போபோய்போய்’ தொடரின் முதல் பருவத்தை எடுத்துக்கொள்கிறேன். நிசாம் ரசாக் இயக்கத்தில் அனிமோன்ஸ்தா நிறுவனம் உருவாக்கிய இத்தொடர், 2011ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி டிவி 3இல் முதன்முதலில் ஒளியேறியது. முதல் பருவத்தில் 13 அங்கங்களே உள்ளன என்பதால் ஒரு பள்ளி விடுமுறைக்குள் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம். மலாய் மொழித் தொடர் ஆகையால் நம் பிள்ளைகளுக்கு மொழித் தடையும் இல்லை. தயாரிப்பு நிறுவனத்தின் யூடியூப் தளத்தில் தேடினால் கிடைக்கும். இவற்றையெல்லாம்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: கதையின் நான்கு நண்பர்களில் ஒருவன் கோபால். நம் வீட்டுப் பெயர் கொண்ட ஒரு பையன் சூப்பர் ஹீரோ கூட்டத்தில் நிற்கிறான் என்றால், அவனை எப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது.

எல்லையை முதலில் வகுத்துக்கொள்ளுங்கள்

மதிப்புரை எழுதுவோர் முதலில் தடுமாறும் இடம் எல்லைதான். ‘போபோய்போய்’ என்றவுடன் பிள்ளைகளின் மனத்தில் மூன்று பருவங்களும், 2016இல் திரைக்கு வந்த படமும், அதே ஆண்டு இறுதியில் தொடங்கிய ‘கேலக்சி’ தொடரும் ஒன்றாகக் கலந்து நிற்கும். நெருப்பு, நீர் ஆற்றல்களை முதல் பருவத்தின் சிறப்பாக எழுதுவார்கள். நிழலை ஆளும் ஃபாங்கின் பெயரையும் சேர்ப்பார்கள். முதல் பருவத்தில் நாயகனிடம் இருப்பவை இடி, காற்று, மண் என்ற மூன்று ஆற்றல்கள் மட்டுமே. ஃபாங் அடுத்த பருவத்தில்தான் வந்து சேர்கிறான். பின்னால் வந்தவற்றின் பெருமையை முன்னால் வந்ததன் கணக்கில் வரவு வைப்பதும், பின்னால் வந்தவற்றின் குறையை அதன் தலையில் கட்டுவதும் ஒரே அளவு பிழை.

ஆகவே எழுதத் தொடங்கும் முன், தாளின் மேற்புறத்தில் தொடரின் பெயர், பருவம், ஒளியேறிய ஆண்டு, அங்கங்களின் எண்ணிக்கை, நீங்கள் பார்த்த மொழி ஆகியவற்றைக் குறித்துவிடுங்கள். மற்றப் பருவங்களை ஒப்பிட வேண்டும் என்றால் கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியத்தில் ஒப்பிடலாம். நடுவில் கலக்க வேண்டாம்.

இரண்டு முறை பாருங்கள்

முதல் முறை குறிப்பேடு வேண்டாம். தம்பி, தங்கையோடு உட்கார்ந்து, சிரிப்பு வந்தால் சிரித்து, சலிப்புத் தட்டினால் சலித்துப் பாருங்கள். சிறுவர் தொடர் சிறுவருக்காக எடுக்கப்பட்டது. அவர்கள் எங்கே எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார்கள், எங்கே திரைக்கு அருகில் நகர்ந்து வருகிறார்கள் என்பதைவிட நேர்மையான சான்று வேறில்லை. பெரியவர் ஒருவர் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, ‘கதையில் ஆழம் இல்லை’ என்று எழுதும் மதிப்புரைகளில் இந்தச் சான்று முற்றிலும் விடுபட்டுப் போகிறது.

இரண்டாம் முறை பார்க்கும்போது ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் கண்ணால் கண்டதையும் வலப்பக்கம் மனத்தில் பட்டதையும் எழுதுங்கள். இந்தப் பிரிவினை சிறு விஷயமாகத் தோன்றும். உண்மையில் மதிப்புரையின் பாதி வேலை இதில்தான் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டைப் பார்த்தேன். (அடுடு கதையின் எதிரி, புரோப் அவனுடைய ரோபோ.) இடப்பக்கம், ‘அடுடு கோப்பையை எறிகிறான். புரோப்பின் தலையில் பட்டது. புரோப் மன்னிப்புக் கேட்கிறது’ என்று பென்சிலால் எழுதியிருந்தாள். அதற்கு நேர் வலப்பக்கம், ‘தம்பி சிரித்தான். எனக்குப் பாவமாக இருந்தது. அடி வாங்கியது ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?’ என்று இருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நிமிடக் கணக்கையும் குறித்து வைத்திருந்தாள். ஒரு நல்ல மதிப்புரைக்குத் தேவையான அனைத்தும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தன: நடந்தது, அது நடந்த இடம், பார்த்தவர்களின் எதிர்வினை, எழுதுபவரின் கேள்வி.

ஆற்றலுக்கு விதி இருக்கிறதா?

சூப்பர் ஹீரோ கதையை எடைபோடும்போது முதலில் பார்க்க வேண்டியது ஆற்றலின் விதி. நாயகனால் எதுவும் முடியும் என்றால் பார்ப்பவருக்குப் பதற்றம் இராது. என்ன முடியும், என்ன முடியாது, செய்தால் என்ன இழக்க நேரும் என்பவை தெளிவாக இருந்தால்தான் ஒவ்வொரு சண்டையும் ஒரு கணக்குப் போல விறுவிறுப்பாகும்.

முதல் பருவத்தின் மிகப் பெரிய பலம் இங்கே இருக்கிறது என்பது என் துணிபு. நாயகன் போபோய்போயால் தன்னை மூவராகப் பிரித்துக்கொள்ள முடியும். ஒருவனிடம் இடி, ஒருவனிடம் காற்று, ஒருவனிடம் மண். ஆனால் நீண்ட நேரம் பிரிந்தே இருந்தால் அவனுக்கு நினைவு மங்கத் தொடங்கும். எவ்வளவு பெரிய ஆற்றலோ அவ்வளவு பெரிய விலை. தான் யார், தன் நண்பர்கள் யார் என்பதே மறந்துபோகும் அபாயத்தை, அடி உதை காயத்தைவிட ஒரு சிறுவன் எளிதாகப் புரிந்துகொள்கிறான். ஏனெனில் மறதி அவன் அன்றாடம் திட்டு வாங்கும் விஷயம். சிறுவருக்கான கதையில் இரத்தம் காட்டாமல் ஆபத்தைக் காட்டுவது கடினமான வேலை. அதை இந்த ஒரு விதி செய்து முடிக்கிறது.

இதை மதிப்புரையில் எழுதும்போது, ‘ஆற்றல்கள் அருமையாக இருந்தன’ என்று எழுதாதீர்கள். விதியை ஒரு வாக்கியத்தில் சொல்லி, அந்த விதி கதையைத் திருப்பிய ஓர் அங்கத்தை அடுத்த வாக்கியத்தில் காட்டுங்கள். பிறகு எதிர்ப்பக்கத்தையும் சோதியுங்கள்: அந்த விதி வசதிக்கு ஏற்ப மறக்கப்பட்ட இடம் உண்டா? ஓர் அங்கத்தில் சிறிது நேரத்திலேயே நினைவு தடுமாறி, மற்றோர் அங்கத்தில் நெடுநேரம் பிரிந்து சண்டையிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால், அது குறைதான். நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். யாயாவின் ஈர்ப்புவிசை, யிங்கின் வேகம், கோபாலின் பொருள்மாற்றம் என்று மற்ற மூவரின் ஆற்றல்களுக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். நாயகனுக்கு விலை வைத்த கதை தோழர்களுக்கும் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். நாயகன் அளவுக்கு அவர்களுக்கு வைக்கவில்லை என்பதே என் கணிப்பு. ஆகவே அவர்கள் சண்டையிடும் காட்சிகளில் அந்தப் பதற்றம் குறைகிறது.

எதிரிக்கு என்ன வேண்டும்?

அடுத்து எதிரி. அடுடு என்னும் பச்சை நிறச் சதுரத் தலையன், அத்தா தா தீகா என்னும் கோளிலிருந்து வருகிறான். அவனுக்கு உலகை ஆள வேண்டும் என்ற பொத்தாம்பொதுவான ஆசை முதலில் இல்லை. அவன் தேடி வருவது கொக்கோவை. நாயகனின் தாத்தா தோக் அபா, பூலாவ் ரிந்திஸ் என்ற ஊரில் கொக்கோ பானம் விற்கும் சிறு கடை வைத்திருக்கிறார். பிரபஞ்சச் சண்டை முழுவதும் ஒரு கடையின் கொக்கோத் தூள் டின்னைச் சுற்றி நடக்கிறது.

இது சிரிப்புக்காக வைத்ததுபோல் தோன்றினாலும், கதைக்கு இரண்டு வகையில் பலம் சேர்க்கிறது. எதிரிக்கு என்ன வேண்டும் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்குகிறது. தாத்தாவின் கடையைக் காப்பது என்பது பேரன் போராடுவதற்குப் போதுமான காரணமாகவும் இருக்கிறது. உலகத்தைக் காப்பாற்றப் புறப்படும் வீரர்களைவிட, தாத்தாவின் கடையைக் காப்பாற்றும் பையன் நம் பிள்ளைகளுக்கு நெருக்கமானவன்.

நம் வட்டாரத்தில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. கீழ்ப்பேராக் கடலோரத்தில் தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ பயிரிடப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1980களில் மலேசியா உலகின் முன்னணிக் கொக்கோ உற்பத்தி நாடுகளுள் ஒன்றாக உயர்ந்தது. விலை வீழ்ச்சியும் காய்த்துளைப்பான் பூச்சியின் தொல்லையும் சேர்ந்துகொள்ள, 1990களில் அந்த நிலங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறியது. அடித்தண்டிலேயே காய் காய்க்கும் அந்த மரத்தை இன்றைய பிள்ளைகளில் பலர் பார்த்ததில்லை. காயை உடைத்துக் கொட்டையைப் புளிக்க வைத்து வெயிலில் காயப்போட்ட கைகள் அவர்கள் வீட்டுப் பாட்டியின் கைகளாகவே இருக்கலாம். மதிப்புரை எழுதும் பிள்ளை பாட்டியிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு எழுதினால், வேறு எந்த ஊர்ப் பிள்ளையாலும் எழுத முடியாத ஒரு வாக்கியம் கிடைக்கும். ஆனால் அந்த வாக்கியம் தொடரின் பலத்தை விளக்கப் பயன்பட வேண்டும். கொக்கோ வரலாறாக நீண்டுவிடக் கூடாது.

எதிரியின் பக்கத்தில் குறையும் உண்டு. அடுடு திட்டம் போடுகிறான், கருவி செய்கிறான், தோற்கிறான், புரோப்பின் மீது கோப்பையை எறிகிறான். அடுத்த அங்கத்தில் மறுபடியும் திட்டம் போடுகிறான். திரும்பத் திரும்ப வருவது சிறுவர் தொடரில் தன்னளவில் குறை ஆகாது. சிறு பிள்ளைகள் அதை விரும்பவே செய்கிறார்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சிரிப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: திரும்ப வரும்போது ஏதாவது ஒன்று மாறியிருக்கிறதா? ஒரு தோல்வியிலிருந்து எதிரி எதையாவது கற்றுக்கொண்டானா? நண்பர்கள் கற்றுக்கொண்டார்களா? ஒவ்வோர் அங்கத்தின் கடைசி இரண்டு நிமிடங்களை மட்டும் தொடர்ச்சியாகப் பார்த்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். எதுவும் மாறாத அங்கங்களை எண்ணி எழுதுங்கள். ‘சில அங்கங்கள் சலிப்பூட்டின’ என்பதைவிட அந்த எண்ணிக்கை வலுவானது.

கோப்பை எறியும் காட்சியைப் பற்றி ஒரு சொல். பெற்றோர் சிலர் இதை வன்முறை என்று ஒரே வரியில் ஒதுக்குவார்கள். அடுடுவுக்கும் புரோப்புக்கும் இடையிலான உறவே இப்பருவத்தின் மிக நுட்பமான பகுதி என்று நான் கருதுகிறேன். எவ்வளவு அடி வாங்கினாலும் விலகாத விசுவாசமும், அந்த விசுவாசத்துக்குத் தகுதியில்லாத எஜமானும் எதிரெதிரே நிற்பதைப் பிள்ளைகள் கவனிக்காமல் இல்லை. அந்த மாணவி எழுதிய கேள்வியே அதற்குச் சான்று. ஆகவே அந்தக் காட்சியைக் கண்டிப்பதா, பாராட்டுவதா என்று அவசரப்படாமல், அது சிரிப்பாக முடிகிறதா, உறவைப் பற்றி எதையாவது சொல்லி முடிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பிரித்துப் பாருங்கள்.

கோபால்

இந்தப் பகுதியில் நிதானம் தேவை. நம் பிள்ளைகள் இருவேறு முனைகளுக்கும் இங்கேதான் போகிறார்கள்.

ஒரு மலாய்ப் பையன், ஒரு மலாய்ச் சிறுமி, ஒரு சீனச் சிறுமி, ஓர் இந்தியப் பையன் என்று நால்வரும் ஒரே மேசையில் கொக்கோ குடிக்கிறார்கள். ஒருவருக்கொருவர் உயிரைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் நட்பைப் பற்றி யாரும் பேச்சு நிகழ்த்துவதில்லை. அது இயல்பாகவே நடக்கிறது. கோபால் ஓரத்தில் வந்து போகும் பாத்திரமும் இல்லை. நாயகனின் நெருங்கிய நண்பன் அவன்தான். 2011இல் நாடு முழுவதும் பார்த்த ஒரு சூப்பர் ஹீரோ தொடரில் இப்படி ஓர் இடம் நம் பையனுக்குக் கிடைத்தது சிறிய விஷயம் இல்லை. இதை நிறையாக எழுதத் தயங்க வேண்டாம்.

அதே நேரத்தில், நால்வரில் பயந்தவன் யார் என்றால் கோபால். சாப்பாட்டு ஆசை பிடித்தவன் யார் என்றால் கோபால். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் முதலில் விழுபவனும் பெரும்பாலும் அவன்தான். அவனுக்குக் கிடைத்த ஆற்றல்கூடப் பொருள்களைத் தின்பண்டமாக மாற்றுவதாகத்தான் வெளிப்படுகிறது. நாயகனுக்கு இயற்கையின் ஆற்றல்கள், யாயாவுக்கு ஈர்ப்புவிசை, யிங்குக்கு வேகம், கோபாலுக்குச் சாப்பாடு. நகைச்சுவைக்கு ஒருவர் வேண்டும்தான். ஆனால் நால்வரில் அந்தச் சுமை முழுவதும் ஒருவன் தோளிலேயே ஏன் விழுகிறது என்ற கேள்வி நியாயமானது.

இதை எப்படி எழுதுவது? ‘கோபாலை இழிவுபடுத்திவிட்டார்கள்’ என்று எழுதினால், தொடரைப் பார்த்த எவரும் அவன் வீரமாக நின்ற காட்சி ஒன்றைக் காட்டி உங்கள் மதிப்புரையைத் தள்ளிவிடுவார்கள். ‘நம் இனத்துக்குப் பெருமை’ என்று மட்டும் எழுதினால், அவன் பயந்து ஓடும் காட்சிகளைப் பார்க்காதவர் போல் ஆகிவிடுவீர்கள். அதற்குப் பதிலாக, குறிப்பேட்டின் கடைசியில் கோபாலுக்கு என்று ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வோர் அங்கத்திலும் மூன்றை மட்டும் கவனியுங்கள். சண்டையின் முடிவை அவன் செயல் தீர்மானித்ததா? சிரிப்பு அவன் சொன்ன சொல்லுக்கு வந்ததா, அவன் அடைந்த அவமானத்துக்கு வந்ததா? பயந்த பிறகு அவன் என்ன செய்தான்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பயப்படாதவன் செய்யும் சண்டையைவிட, பயந்து நடுங்கிக்கொண்டே நண்பனை விட்டுப் போகாமல் நிற்பவன் செய்வது பெரிது. கோபால் அப்படி நிற்கும் அங்கங்களில் அவன் அச்சமே அவனுடைய பலமாகிவிடுகிறது. அவன் பயந்து ஓடி, மற்றவர் காப்பாற்ற, கடைசியில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி பேசிவிட்டு முடியும் அங்கங்களில் அதே அச்சம் வெறும் கேலிப்பொருள். ஒரே பாத்திரத்தின் ஒரே குணம் ஓர் அங்கத்தில் நிறையாகவும் மற்றோர் அங்கத்தில் குறையாகவும் இருக்கலாம்; அதனால்தான் அங்கம் அங்கமாகக் கணக்கு வைக்கச் சொல்கிறேன். பொருள்மாற்ற ஆற்றலையும் இதே கண்ணோடு பாருங்கள். நினைத்த பொருளை மற்றொன்றாக மாற்ற முடியும் என்பது நால்வரின் ஆற்றல்களில் மிகவும் விரிவானது; எழுதியவர்கள் அதை எவ்வளவு பயன்படுத்தினார்கள், எவ்வளவு வீணாக்கினார்கள் என்பதே கேள்வி.

யாயாவையும் யிங்கையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண் பிள்ளைகள் இருவருமே காப்பாற்றப்பட வேண்டியவர்களாக இல்லாமல் காப்பாற்றுபவர்களாக இருப்பது தெளிவான நிறை. யாயா சுடும் பிஸ்கட்டை யாராலும் வாயில் வைக்க முடியாது என்ற நகைச்சுவை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதைத் தவிர யாயாவைப் பற்றி நமக்கு வேறு என்ன தெரிய வருகிறது என்று கேட்டால் பதில் குறைவாகத்தான் இருக்கும்.

படமும் மொழியும்

2011ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரை இன்று கைப்பேசியில் பார்க்கும்போது, உருவங்கள் சற்று விறைப்பாகத் தெரியும். பெரும் பொருட்செலவில் எடுக்கப்படும் திரைப்படத்தோடு ஒப்பிட்டு இதைக் குறையாக எழுதுவது நியாயம் ஆகாது. அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் தொடர் எதைச் செய்ய முடியுமோ அதை எவ்வளவு நன்றாகச் செய்தது என்று பாருங்கள். தோக் அபாவின் கடையும் அடுடுவின் மறைவிடமும் திரும்பத் திரும்ப வருவது செலவைக் குறைக்கும் வழிதான். ஆனால் அதனாலேயே அந்தக் கடை பிள்ளைகளுக்குத் தெரிந்த இடமாகிவிட்டது. எந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்றுகூடச் சொல்வார்கள். கட்டாயத்தால் வந்த ஒன்று பலமாக மாறிய இடம் என்று இதைக் குறிக்கலாம்.

மொழியைப் பொறுத்தவரை, வகுப்பறைப் புத்தகத்தில் கிடைக்காத பேச்சு மலாயைப் பிள்ளைகள் இதில் கேட்கிறார்கள். நாயகன் கட்டைவிரலை உயர்த்தி ‘தெர்பாயிக்’ என்று சொல்வது எங்கள் ஊர்த் திடலிலும் ஒலித்தது. முத்திரை வசனம் பிள்ளைகளை ஒன்று சேர்க்கும். உரையாடல் எழுத வேண்டிய இடத்தில் முத்திரை வசனத்தைப் போட்டு நிரப்பினால் அது குறை. மதிப்புரையில் வசனத்தை மேற்கோள் காட்டும்போது ஒன்றோ இரண்டோ போதும். தமிழ் எழுத்தில் எழுதி, பொருள் விளங்கும்படி உங்கள் வாக்கியத்துக்குள் பொருத்துங்கள்.

எடைபோட்டு எழுதுதல்

குறிப்பேடு நிறைந்த பிறகு, எழுதும் வேலை நீங்கள் அஞ்சும் அளவுக்குக் கடினமாக இராது. முதலில் எல்லாக் குறிப்புகளையும் படித்து, மூன்றுக்கு மேற்பட்ட அங்கங்களில் தென்பட்டவற்றுக்கு மட்டும் வட்டமிடுங்கள். ஓர் அங்கத்தில் மட்டும் தென்பட்டது அந்த அங்கத்தின் நிறைகுறை. பருவத்தின் நிறைகுறை என்று எழுத அது போதாது. செம்பனைக் குலை பழுத்ததா என்பதை மேல்நிறத்தை மட்டும் பார்க்காமல் அடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதுபோலவே ‘நன்று’, ‘நன்றன்று’ என்ற முடிவுக்கும் எடுத்துக் காட்டத்தக்க சான்று வேண்டும்.

ஒரு வாக்கியத்தைச் செம்மைப்படுத்திக் காட்டுகிறேன். மாணவர் முதலில் எழுதுவது: ‘இந்தப் பருவத்தில் கோபாலின் பாத்திரம் எனக்குப் பிடிக்கவில்லை.’ இது உணர்வைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. இரண்டாம் முறை: ‘கோபால் எப்போதும் பயப்படுகிறான், அதனால் எனக்குப் பிடிக்கவில்லை.’ காரணம் வந்துவிட்டது, ஆனால் ‘எப்போதும்’ என்ற சொல் உண்மை இல்லை. மூன்றாம் முறை: ‘கோபால் பல அங்கங்களில் பயப்படுவது சிரிப்புக்காக மட்டும் பயன்படுத்தப்படுகிறது; ஆனால் பயத்தோடு நண்பனுக்காக நிற்கும் காட்சிகளில் அவனே எனக்கு மிகவும் பிடித்தவன், அத்தகைய காட்சிகள் இன்னும் கூடுதலாக இருந்திருக்கலாம்.’ இந்த வாக்கியத்தில் நிறை, குறை, எழுதியவரின் விருப்பம் மூன்றும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. நிறையையும் குறையையும் தனித்தனிப் பட்டியலாகப் போடும் பழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. அந்தப் பட்டியலில் இந்த வாக்கியத்தை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? வைக்க முடியாது. ஆகவே பட்டியலைக் கைவிட்டு, ஆற்றலின் விதி, எதிரி, தோழர்கள், இடம் என்று பொருள்வாரியாகப் பத்தி பிரித்து, ஒவ்வொரு பத்தியிலும் நிறைகுறை இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

எல்லாப் பத்திகளும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டியதில்லை. உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும் பொருளுக்கு அரைப் பக்கம் கொடுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாத இசையைப் பற்றி, ஆசிரியர் கேட்பாரே என்பதற்காக நான்கு வரி நிரப்ப வேண்டாம். கதைச் சுருக்கம் ஐந்து வாக்கியத்தைத் தாண்டக் கூடாது. பருவத்தின் கடைசி அங்கத்தில் நடப்பதைச் சொல்லிவிடாதீர்கள். அதைக் குறித்து ஒரு கருத்து இருந்தால், ‘முடிவு அவசரமாக வந்தது’ அல்லது ‘முடிவுக்காகக் காத்திருந்தது வீண்போகவில்லை’ என்ற அளவில் நிறுத்துங்கள். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போடச் சொன்னால் போடலாம், ஆனால் எழுதி முடித்த பிறகு போடுங்கள். முதலில் நட்சத்திரத்தை முடிவு செய்தால், பிறகு எழுதுவது எல்லாம் அந்த எண்ணுக்கு வக்காலத்து வாங்குவதாகிவிடும்.

எந்த வயதுப் பிள்ளைக்கு ஏற்றது என்பதைத் தவறாமல் எழுதுங்கள், காரணத்தோடு. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இம்முதல் பருவம் பொருத்தம் என்று நான் சொல்வேன். அதற்குக் கீழ்ப்பட்டவர்கள் கோப்பை எறிவதைச் செய்து பார்க்கக்கூடும் என்பதால் பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது நல்லது. எழுதி முடித்தவுடன், தொடரைப் பார்க்காத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் ‘யார் அது?’ என்று கேட்கிறாரோ அங்கே ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். பிறகு தொடரை நன்றாகப் பார்த்த ஒருவரிடம் கொடுங்கள். அவர் எந்த இடத்தில் ‘அப்படி இல்லையே’ என்கிறாரோ, அந்த அங்கத்தை எடுத்து இருவரும் சேர்ந்து மறுபடியும் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் வாக்கியத்தைத் திருத்தி ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.